செவலை சாப்பிடுகிற வரையில்

மாட்டுத் தொட்டித் தண்ணீரில் வாயை வைத்தால் செவலை எடுக்கவே இல்லை. அதுதான் முதல் அடையாளம். "வெயிலு" என்றார் அப்பா. ஐப்பசியில் ஏது வெயில்?

முயல் வேட்டைக்கென்று அப்பா பழக்கிய நாய் அது. வயதாகி ஓட்டம் நின்றிருந்தது, பழக்கம் நிற்கவில்லை. பிடித்த முயலானாலும் தட்டில் வைத்த சோறானாலும் அப்பா "எடு" என்று சொல்லாமல் வாய் வைக்காது. எச்சில் ஒழுகத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும். சொல்லிவிட்டாலோ, மிச்சம் வைக்காது. எங்கள் பக்கத்து வேட்டை நாய்களுக்கு இதுதான் முதல் பாடம்.

மெலிந்துகொண்டே போனதால், வண்டி கட்டிக் குளத்தூரிலிருந்து புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அதன் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். வெந்த முட்டை வெள்ளைபோல மேல்பாகம் கலங்கித் திரண்டது.

"ஆல்புமின்!" என்று கத்தினேன். மூத்திரத்தில் இருக்கக் கூடாத புரதம் அது. காலேஜில் இதே சோதனையைச் செய்து சபாஷ் வாங்கியவன் நான். சந்தோஷமாகவே கத்தினேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பிறகுதான், குழாயில் இருப்பது யாருடையது என்று உறைத்தது.

"மூத்திரத்தப் பிரிக்கிற குண்டிக்காய் ரெண்டும் கெட்டுப்போச்சு தம்பி. யூரீமியா (வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தங்கிவிடுவது). மருந்து கெடையாது. போகப்போக வாந்தி, வாய்ப்புண், கடைசியில வலிப்பு. அதுக்கு முன்னாடி சொல்லிவிட்டீங்கன்னா நானே வாரேன். குளோரோபாரம் (மயக்க மருந்து, அளவு கூடினால் மூச்சு நிற்கும்) கொடுத்து முடிச்சிரலாம்."

அப்பா மறுத்துத் தலையை ஆட்டினார். "திங்கிற உசுர எப்படிங்க முடிக்கிறது? சோத்த வேணாங்கட்டும். அன்னிக்குச் சொல்லிவிடுறேன்."

நியாயமாகத்தான் பட்டது. தெளிவான அடையாளம் ஒன்று கிடைத்ததில் எனக்கு நிம்மதிகூட. வேளாவேளைக்குத் தட்டருகில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா "எடு" என்பார், தட்டு காலியாகும்.

"நாயி சோறு திங்கிறதப் பாக்கவாடா காலேஜுக்கு மட்டம் போடுற?" என்று அக்கா சிரிப்பாள். "பரீட்சையில இதத்தான் கேக்கப்போறாக, நல்லாப் பாத்துக்க!"

தட்டு காலியாகிற வரையில் நாள் இருக்கிறது என்று நம்பினோம். எலும்பு துருத்தியது. வாயில் மூத்திர வாடை அடித்தது. தட்டு மட்டும் காலி.

ஒரு காலை, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போருக்குப் பின்னால் போனேன். காலில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால் சோறு. செவலை மெல்லாமல் விழுங்கிக் கக்கிய முழுச் சோறு, மஞ்சள் நீரோடு. பக்கத்தில் காய்ந்துபோன இன்னொன்று. அதற்கப்பால் மூக்கால் மண்ணைத் தள்ளி மூடியவை, வரிசையாக. இத்தனை நாள் சாப்பாடும் அங்கேதான் கிடந்தது.

எனக்குக் கத்த வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பார்த்தார். பிறகு, "பசிக்குத் திங்கலடா. நான் சொன்னேன்னு தின்னுருக்கு" என்றார்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் ஒரு நாய் படுத்திருக்கலாம். நீங்களும் ஏதோ ஓர் அடையாளத்துக்குக் காத்திருக்கலாம். வால் ஆட்டுகிறதே, எழுந்து வருகிறதே என்று. அது தனக்காக ஆட்டுகிறதா, உங்களுக்காகவா என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

மத்தியானம் தட்டை வைத்துவிட்டு அப்பா "எடு" என்று சொல்லாமல் குந்தியிருந்தார். செவலையின் வாயில் எச்சில் இல்லை. தட்டை அது பார்க்கவே இல்லை. அப்பாவின் வாயையே பார்த்தது. வயிறு உள்வாங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் தட்டை எடுத்து அங்கிட்டுத் தள்ளிவைத்தார். உடனே அது கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டது.

"நீ போயி டாக்டரக் கூட்டியா" என்றார் அப்பா.

டாக்டர் சைக்கிளில் வந்தார். உலகச் சண்டைக் காலம், மருந்து கிடைப்பதே அருமை. இருந்தும் புட்டியை முழுதாகக் கொண்டுவந்திருந்தார். துணியைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே பஞ்சு வைத்து, மூக்கில் பொருத்தினார். தலையை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். என் உள்ளங்கையை அதன் விலாவில் வைக்கச் சொன்னார்கள்.

இனிப்பான வாடை. ஒருமுறை கால்களை உதைத்தது. பிறகு மூச்சு நீண்டது. கைக்கடியில் துடிப்பு தட்டிக்கொண்டே இருந்தது. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. துடிப்பு இன்னும் நிற்கவில்லையே!

டாக்டர் காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "கைய எடுங்க தம்பி" என்றார்.

"இன்னும் இருக்குங்க. அடிக்குது பாருங்க."

"அது போயி நேரமாச்சு. நீங்க பாக்குறது ஒங்க நாடி."

எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. கை வைத்திருந்தவன் நான்தான். இப்போதெல்லாம் மேசையில், சுவரில், புத்தகத்தின் மேல் கை சும்மா கிடக்கும்போது அந்தத் துடிப்பு தட்டுப்படுகிறது. கையை எடுத்துவிடுகிறேன்.