தயிர்ச் சட்டியும் முன் ஷொக்கும்

மோட்டார் சைக்கிளில் குலுக்கலைத் தாங்கும் முன் ஷொக் குழாய் இரண்டிலும் படகு எஞ்சினுக்கு ஊற்றும் கியர் ஒயிலை வாய் முட்ட நிரப்பியவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் திருகோணமலையில் சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

என் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. துறைமுகக் கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். வடக்கே இறக்கக்கண்டியிலிருந்துகூட எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்று கூப்பிடுவது வழக்கம். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. கடலில் பாஸ் என்றால் தரையிலும் பாஸ் என்று நினைத்துவிட்டேன்.

பிரச்சினை தயிரில் தொடங்கியது. மனைவியின் தாய்வீடு தோப்பூரில். சனிக்கிழமைதோறும் போவோம். திரும்பும்போது மாமி ஒரு சட்டி எருமைத் தயிர் தருவா. வேண்டாம் என்றால் தயிரையல்ல, மாமியையே வேண்டாம் என்றதாகிவிடும். மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளியில் தரலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"தயிர் என்ன பெயின்டா மருமகன்?" என்றா மாமி.

ஆகவே வாயில் கடதாசி கட்டிய மண்சட்டி மனைவியின் மடியில் ஏறும். என் மோட்டார் சைக்கிளோ பழையது. பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் ராசாவைக் கண்டதுபோலக் குனியும். பின்னால் இருப்பவள் சறுக்கி வந்து என் முதுகில் மோதுவாள். நடுவில் இருப்பது சட்டி. மூன்று சனிக்கிழமை என் முதுகால் தயிர் வழிந்தது.

"உங்கட சட்டைக்கு ஊட்டுறதுக்கா உம்மா தயிர் தாறா? அந்த முன் ஷொக்கப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். படகு எஞ்சினின் அடிப்பகுதிக்கு ஒயில் விடுவதற்கு ஒரு முறை உண்டு. கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும்வரைக்கும் விட வேண்டும். ஒரு குமிழ் காற்றும் உள்ளே நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடத்துக்குக் கடல் வரும். இருபது வருடம் அதையே செய்த கை, ஷொக்கின் மூடியைக் கழற்றியதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடித்த கியர் ஒயிலை வழிய வழிய நிரப்பி, மூடியை இறுக்கி, துணியால் துடைத்தும் விட்டது.

அடுத்த சனிக்கிழமை ஷொக் இரும்பு அலவாங்குபோல விறைத்துவிட்டது. குனியவே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கிண்ணியாப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் என் பல்லில் வந்து தட்டியபோது பெருமை கொஞ்சம் குறைந்தது. எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஒரே குத்து. சட்டி மனைவியின் மடியிலேயே இரண்டாகப் பிளந்தது. புது அபாயா முழுக்கத் தயிர். இறங்கினாள். சட்டித் துண்டுகளை என் கையில் தந்தாள்.

"இனி நான் பஸ்ஸிலதான். நீங்களும் உங்கட ஒயிலும் சோடியாப் போங்க."

சொன்னபடியே செய்தாள். மறு சனிக்கிழமை அவள் பஸ்ஸுக்குள், நான் அந்தப் பஸ்ஸின் புகைக்குள். அப்போதுதான் விளங்கியது. வீட்டில் பிள்ளைகள், கொட்டகையில் எஞ்சின்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டுமாக இருந்தது அந்தச் சனிக்கிழமைப் பயணத்தில்தான். மூதூர் தாண்டும்வரை என் தோளுக்கு மேலால் அவள் கதைத்துக்கொண்டே வருவாள். பாதி காற்றில் போய்விடும். அந்த மீதிப் பாதிக்காகத்தான் நான் வாரம் முழுக்க இருந்திருக்கிறேன்.

இதற்குள் ஷொக்கில் ஒயிலை மறித்து வைக்கும் சீல் இரண்டும் பிய்ந்து, ஒயில் முன் சில்லில் ஒழுகத் தொடங்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் பாஸ் ஒருவரிடம் போனேன். ஒரு பாஸ் இன்னொரு பாஸிடம் போவது இலேசான காரியமல்ல. ஹெல்மட்டைக் கழற்றாமலே நின்றேன். அவர் ஒழுகிய ஒயிலை விரலில் தொட்டு மணந்தார்.

"நானா, இது போட் ஒயில்" என்றார், அண்ணன் முறை வைத்து.

"அப்பிடியா?"

"ஹெல்மட்டக் கழட்டுங்க. ஆரெண்டு தெரிஞ்சு போச்சு."

கழற்றினேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நிறைச்சு விட்டா ஷொக் எங்க போறது? மேல காத்துக்கு இடம் விடோணும். ஷொக்கிட ரெண்டு காலுக்கும் ஒரே அளவு. மெல்லிய ஒயில்" என்றார். "நான் பூட்டித் தரட்டா?"

"வேணாம் பாஸ், நானே பூட்டுறன்."

"ஓம், முந்தியும் நீங்கதானே பூட்டின."

புதுச் சீலும் மெல்லிய ஒயிலும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு வளவில் பாயை விரித்துக் குந்தினேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஷொக்கை அடிவரை அமர்த்தி, குழாயின் வாயிலிருந்து ஒயில் மட்டம்வரை இரும்பு அடிமட்டத்தால் அளந்தேன். கூடியதை ஊசிக் குழாயால் உறிஞ்சினேன். இரண்டு காலிலும் மட்டம் ஒரு மயிரிழை பிசகாமல் ஒன்றாக நின்றது. ஸ்பிரிங் களைத்துப் போயிருந்ததால் அதை இறுக்க அதன் தலையில் ஒரு பைப் துண்டு வைக்க வேண்டும். எவ்வளவு நீளம்? ஷொக்கின் பளபளப்பான குழாயில் ஒரு றப்பர் வளையத்தைப் போட்டு ஏறி இருந்தால், எவ்வளவு அமர்கிறது என்று வளையம் காட்டும். ஆனால் பின்னாலும் பாரம் வேண்டுமே. குசினி வாசலில் போய் நின்றேன்.

"புள்ள, உன்ட நிறை எவ்வளவு?"

"ஏன், விக்கப் போறீங்களா?"

பாரம் தெரியாமலே ஒரு மூடை அரிசியைப் பின்னால் ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். தெருவில் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "மனிசியெங்க பாஸ்?" என்றார். பதில் எங்கள் குசினி ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது. "அதுதான் மனிசி. நல்லவ. வாயே திறக்க மாட்டா."

முதல் பைப் துண்டு நீளம். இரண்டாவதும் நீளம். மூன்றாவதை அரத்தால் ராவி ராவி வைத்தேன். பிரேக் பிடித்தேன். முன்பக்கம் கொஞ்சம் அமர்ந்து, ஒரு தரம் எழுந்து, அப்படியே நின்றது. ஆட்டமில்லை, குத்தில்லை. நடுத்தெருவில் அரிசி மூடையின் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் தோப்பூர் பஸ் தரிப்பில் மனைவி சட்டியோடு நின்றாள். நான் போய் முன்னால் நிறுத்தினேன்.

"ஒருக்கா ஏறிப் பாரு. ஒரு சொட்டுச் சிந்தினா இத வித்துப்போடுவன்."

"ஆர் வாங்குற?" என்றாள். பஸ் வந்தது. இடமும் இருந்தது. அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சட்டியை என் கையில் தந்துவிட்டு ஏறி இருந்து, திரும்ப வாங்கி மடியில் வைத்தாள். "சிந்தினா இத்தோட சரி. பிறகு கேக்கப்படாது."

பள்ளங்களில் முன் சில்லு மட்டும் இறங்கி ஏறியது, கைப்பிடி அசையவில்லை. மூதூருக்குக் கிட்ட தயிரின் சொந்தக்காரியே வந்தாள். பற்றைக்குள்ளிருந்து ஓர் எருமை நேரே தெருவுக்கு ஏறியது. பிடித்தேன் பிரேக்கை. வண்டி நேராக, நிதானமாக நின்றது. என் முதுகில் எதுவும் வந்து மோதவில்லை. எருமை எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு கை வந்து என் தோளில் விழுந்தது. மாமியின் அயல்வீட்டுக் கல்யாணக் கதை தொடங்கியது. கிண்ணியாப் பாலம் முடியும்வரை முடியவில்லை. பாலத்தின் இணைப்புகளை நான் எண்ண மறந்துபோனேன்.

வீட்டுக் குசினியில் கடதாசியை அவிழ்த்தோம். தயிரில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. பாலாடை பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, உலகக் கிண்ணம் வென்றவனைப்போல மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒயில் மட்டம், காற்று இடைவெளி, பைப் துண்டு என்று ஒரு பேச்சும் நிகழ்த்தினேன். கடைசியில், "இப்ப சொல்லு, முன் ஷொக் எப்பிடி?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

அவள் இடுப்பைத் தடவிக்கொண்டே கதிரையில் இருந்தாள்.

"வாற சனிக்கிழமைக்குள்ள பின் ஷொக்கையும் பாருங்க."