நாய் ஏறாத கார்

சுண்ட்ஸ்வால் நகரில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் இல்வாவுக்கு எதையும் நன்றாக விசாரித்துத்தான் வாங்கிப் பழக்கம். காரணம் அவள் மகள் டூவா. நாய் முடி கொஞ்சம் பட்டால் போதும், அந்த ஆறு வயதுக் குழந்தைக்கு மூச்சு இழுக்கும்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் சின்னக் கார் போதவில்லை. தள்ளுவண்டியும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கொள்ளும்படி, பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார் வேண்டியிருந்தது. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்வா ஒற்றைக் காலில் நின்றாள். கணவன் டோர்பியோன் கேட்டால்தானே!

"ஆலையில என்கூட வேலை பாக்குற ரிக்கார்டு அவன் காரை விக்கிறான். பளபளன்னு வச்சிருக்கான். புதுசு வாங்கி யாருக்குப் படம் காட்டணும்?"

"அதுல நாய் ஏறியிருக்கா?"

"ஏறவே இல்ல. சிகரெட்டும் கிடையாது, நாய் பூனையும் கிடையாது. நானே கேட்டுட்டேன்."

கட்டிய புருஷனே கேட்டுவிட்டேன் என்கிறான், அதற்கு மேல் யாரைப் போய் விசாரிப்பது? சரி என்றாள்.

கார் வீட்டுக்கு வந்த கையோடு, மே மாதம் பிர்ச் மரங்கள் பூத்தன. டூவாவுக்குக் கண் வீங்கி, இழுப்பும் வந்தது. காரில் ஏறினால் இன்னும் மோசம்.

"பிர்ச் மகரந்தம்தான். இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி" என்றான் டோர்பியோன்.

நம்பினாள் பாவி. மகரந்தம் உள்ளே வந்துவிடுமே என்று கார்க் கண்ணாடிகளை ஒன்றுவிடாமல் ஏற்றிவிட்டாள். "இறக்கும்மா, மூச்சு முட்டுது" என்று பிள்ளை அழுதது. "வேணாம்டா தங்கம், வெளியில பூத்தூள்" என்று இன்ஹேலரை வாயில் வைத்தாள். டோர்பியோன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினான்.

ஜூன் கடைசியில் பூவெல்லாம் உதிர்ந்தும் இழுப்பு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில், காரின் பின்பக்கம் கொட்டிய மணலை உதற இல்வா விரிப்பை இழுத்தாள். அடியில் கொத்துக் கொத்தாகச் சாம்பல் நிற முடி. அங்கேயே நின்று ரிக்கார்டுக்குப் போன் போட்டாள்.

"நீயெல்லாம் மனுஷனா? நாய் ஏறலன்னு பொய் சொல்லி வித்திருக்கியே!"

"இரு இரு. நான் வேட்டைக்குப் போறவன். வருஷக்கணக்கா என் நாய் அதுலதான் படுத்துக் கிடந்துச்சு. டோர்பியோன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேனே! உங்க பொண்ணுக்கு ஆகாதே, வேணாம்ப்பான்னுகூடச் சொன்னேன். கழுவிக்கிறேன்னான்."

இல்வா போனை வைத்தாள். ஊரான் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். டோர்பியோன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், விரிப்பைப் பார்த்தான், நின்றுவிட்டான்.

"மகரந்தம்னியே" என்றாள்.

"ரெண்டு தடவை கழுவினேன் இல்வா. போயிருக்கும்னு நெனச்சேன்."

"புள்ள மூச்சு முட்டுதுன்னு அழுதா. என் கையால கண்ணாடிய ஏத்திவிட்டேன். பாத்துக்கிட்டுத்தானே ஓட்டினே?"

"சொல்லியிருந்தா நீ வாங்க விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

இல்வா டூவாவின் தலையைத் துவட்டினாள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு டூவாவோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

"அப்பா வரலையா?" என்றாள் டூவா.

"அவரு கார்ல வருவாரு."