அண்ணியின் அடாப்டர்

எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவதென்றால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். வயரிங் அந்த லட்சணம். இஸ்திரிப் பெட்டியோடு வேறு எது ஓடினாலும் ஃபியூஸ் போய்விடும். "இஸ்திரி போடப்போறேன்!" என்று சத்தம் கேட்டால் மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டார், ஃபேன், அண்ணியின் கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். கத்துவது பெரும்பாலும் என் அண்ணன்தான். பஸ் கண்டக்டர், வெண்கலத் தொண்டை. யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வாசல் தாண்டமாட்டார். அவர் போடும் சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்களும் மோட்டாரை அணைத்த கதை உண்டு.

அண்ணி வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுப்பவர். மனுக்கள், வினாத்தாள், கடை விளம்பரம், எது வந்தாலும் சரி. அவருடையது ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடக்கம். திரைக்கு வீட்டு டிவி. மின்சாரத்துக்குச் செங்கல் மாதிரி ஒரு கறுப்பு அடாப்டர். கம்ப்யூட்டரில் முதலில் கூடுதல் மெமரி அட்டை ஒன்றைச் செருகினார். பிறகு டிஸ்க் டிரைவ் ஒன்றை மாட்டினார். எல்லாம் பழைய சாமான் கடைச் சரக்கு. பழையதைத் தூக்கிப்போட அண்ணிக்கு மனசு வராது, அண்ணன் பிழைத்துக் கிடப்பதே அதனால்தான் என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தக் கிண்டலைச் செய்ய முடியாத காலமும் வந்தது. அண்ணனின் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். வீட்டில் எழுதிக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ரோஷக்காரர். ஒருநாள் அவர் பாட்டுக்கு இஸ்திரியைப் போட, மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, ஃபியூஸ் போனது. சூடேறாத பெட்டியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் இஸ்திரியைத் தொடவில்லை. மறுநாள் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். அண்ணி அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அண்ணி பழைய சாமான் கடையிலிருந்து பேசும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் மாட்டிவிட்டால், கீபோர்டில் அடிப்பதை வாய்விட்டுச் சொல்லுமாம். அண்ணனை உட்காரவைத்து மாட்டினோம். அண்ணி 'வணக்கம்' என்று அடிக்க, பெட்டி "வ..." என்றது. அவ்வளவுதான், திரை வெளுத்து, கம்ப்யூட்டர் முதலிலிருந்து விழித்துக்கொண்டது. மறுபடி மறுபடி அதே கதை. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அண்ணி, கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான். பொட்டி செத்தது" என்றேன்.

அண்ணி அடாப்டரில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்து உதறினார்.

"பொட்டி மேல தப்பில்ல தம்பி. டிரைவ் சுத்த ஆரம்பிக்கும்போது டிவியில எழுத்து நடுங்குது, கவனிச்சியா? மோட்டார் போட்டா நம்ம வீட்டு லைட் மங்குமே, அந்த மாதிரி. இருக்கறது ஒரு போர்வை. அதுக்குள்ள நாலு பேரு. ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தர் கால் வெளிய."

"பெரிய அடாப்டரா ஒண்ணு வாங்கிடலாமே?"

"இதுக்கு இப்ப யாரும் செய்யறதில்ல. கிடைச்சத மாட்டி மெஷினே கருகிடுச்சுன்னா?" என்றவர், கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டி இருந்த அலமாரியையே பார்த்தார். "ஏன் தம்பி, இஸ்திரி போடும்போது நாம என்ன பண்றோம்?"

நான் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, மற்ற எல்லாவற்றையும் அணைக்கிறோம்.

மெமரி அட்டையைக் கழற்றினார். பேசும் பெட்டிக்கு மின்சாரம் போகும் வயரில் என்னை ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். முதலில் டிரைவைப் போட்டு, டிஸ்க்கில் இருந்த புரோகிராமைக் கம்ப்யூட்டர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். டிரைவை அணைத்தார். அதன் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் பேசும் பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். எழுத்து நடுங்கவில்லை. அடாப்டர் இளஞ்சூடாகவே இருந்தது. "வணக்கம்" என்றது பெட்டி, மூக்கடைத்த ஆள் மாதிரி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டிரைவ் தூங்கிவிட்டது, அது சொல்லிக்கொடுத்ததை மெஷின் மறக்காமல் வைத்திருக்கிறது. ஒரு சின்ன பல்பு எரியும் அளவு மின்சாரம்தான், அது வார்த்தையாகி வெளியே வருகிறது. இதைவிடப் பெரிய அதிசயம், அந்தத் துளி மின்சாரத்தைச் சிந்தாமல் சிதறாமல் பங்கிட்ட என் அண்ணி. அண்ணன் வேலைக்குப் போகும் நேரங்களில் உட்கார்ந்து, ஒலித்துண்டுகளைக் கோத்துக் கோத்து அதற்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தார். 'ழ' மட்டும் கடைசிவரை வரவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வராததுதானே என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, அண்ணி அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார். பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது. அண்ணன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தார். மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

"இஸ்திரி... போடப்போறேன்" என்றது பேசும் பெட்டி.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அண்ணி ஓடிவந்தார். மோட்டாரை அணைத்தார். ஃபேனை அணைத்தார். லைட்டை அணைத்தார். அதே வேகத்தில் கம்ப்யூட்டரின் சுவிட்சுக்குக் கை போனது. போன கை அப்படியே நின்றது.

கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. குனிந்து, அண்ணனின் மடியிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"சட்டை கசங்கினா கசங்கட்டும்" என்றார். "நீங்க இன்னும் ஏதாவது பேசுங்க."