மல்லாட்டைக் கொல்லையில் தொங்கிய சிடி

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போகும்போது ஒரு மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்தேன். வேர்க்கடலை விதையைப் பொறுக்கும் காக்காயை விரட்டப் பழைய சிடியைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். அது மின்னிக்கொண்டிருந்தது. யார் கொல்லையோ, எனக்கென்னவோ அதில் என் சகலையின் மூஞ்சிதான் தெரிந்தது.

நான் எட்டாவது ஃபெயில். அதனாலென்ன? தேரடித் தெருவில் என் கடையில் கேசட் பதியாத வீடு திருவண்ணாமலையில் கிடையாது. சரி, ஒன்றிரண்டு இருக்கலாம். சிடி வந்ததும் கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டேன். நான் சரக்கெடுக்க மெட்ராஸ் போயிருந்த நாளில் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கச் சொல்லி அண்ணி ஒரு சிடி கொண்டுவந்திருக்கிறார். செத்துப்போன என் அண்ணன் திருவிழா மேடைகளில் பாடியவர். அவர் குரல் மிஞ்சியது அது ஒன்றில்தான். கடையில் இருந்தது சகலை. கம்ப்யூட்டர் கோர்ஸ் சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டிய பெரிய மனுஷன்.

அண்ணனின் வருஷ தெவசத்துக்குப் பாட்டைப் போடச் சொல்லி அண்ணி மறுபடி வந்தார்.

"அன்னைக்கே நிமிஷத்துல உள்ள ஏத்திட்டேன் அண்ணி" என்று சகலை பாட்டைத் தட்டினார். சிடியைப் போடு என்றது மிஷின்.

"சிடி எங்கய்யா?" என்றேன்.

"அதான் ஏத்தியாச்சேண்ணா! கொல்லையில கட்டிட்டேன். காக்கா தொல்ல ஜாஸ்தி."

"உள்ள இருக்குதுன்னியே தம்பி" என்றார் அண்ணி.

ஓடிப்போய் அவிழ்த்தோம். கல்தூணில் மோதி மோதி, வெயிலில் பூச்சு உரிந்து, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது.

பிறகு நான் விடவில்லை. ஏற்றிய பாட்டு ஏன் பாடவில்லை என்று பார்க்க, வேறொரு பாட்டு சிடியோடு ஊரைச் சுற்றினேன். ஆசிரமப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் மேக் கம்ப்யூட்டரில் பாட்டு பாட்டாகவே தெரிந்தது, இழுத்துப் போட்டால் ஏறியது. வேங்கிக்கால் நெட் சென்டரின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் விதவிதமான ஃபோல்டர் காட்டி, எந்த வகையில் வேண்டும் என்று கேட்காத குறை. என் கடை விண்டோஸ் காட்டியதோ வெறும் அடையாளச் சீட்டு. பாட்டு சிடியில் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும், பாடாது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேபி, பாட்டில் ஒரு சொல்கூட அடங்காத அளவு. சகலை ஏற்றியது இந்தச் சீட்டுகளைத்தான். ஒரு மணி நேரக் குரல் நிமிஷத்தில் ஏறுமா என்று கோர்ஸ் படித்த மண்டைக்குத் தோன்ற வேண்டாமா?

அறுவடைக்கு அறுவடை சகலை மல்லாட்டை மூட்டை அனுப்புவார். அண்ணி பிரிக்காமலே திருப்பிவிடுவார்.

கேசட் போயிற்று, கடை போயிற்று, இப்போது வரும் கம்ப்யூட்டரில் சிடி போட வாயே இல்லை. என் பழைய பெட்டியை மட்டும் நான் எடைக்குப் போடவில்லை. அண்ணனின் முதல் பாட்டைத் தட்டினால் இன்றும் சிடியைத்தான் கேட்கிறது. என்னிடம் ஏன் கேட்கிறது? சகலையிடம் போய்க் கேட்கட்டும்.