செத்தால் வரும் மெட்டு

பார்வையற்றவர்களுக்கென்றே செய்த விளையாட்டு ஒன்றை செல்போனில் ஆடிக்கொண்டிருந்தேன். எல்லாமே ஒலிதான். இடது காதில் காலடிச் சத்தம் கேட்டது. நான் விலகுவதற்குள் சோகமாக இறங்கும் ஒரு மெட்டு ஒலித்தது. செத்துவிட்டேன்.

அந்த மெட்டு என்னைப் பழைய சாந்தோம் வீட்டுக்கு இழுத்துப்போனது. உப்புக்காற்றில் பிசுபிசுக்கும் தரை, பரீட்சைத்தாள் திருத்தும் அம்மாவின் பேனா கீறும் ஒலி, அண்ணனின் டிவி கேம். பிறவியிலேயே பார்வையில்லாத நான் அவன் தரும் ரிமோட்டில் பட்டனை அழுத்துவேன். திரையில் நடப்பதை அவன் சொல்லுவான். இரண்டு நிமிஷத்தில், "செத்துட்டே, குடு" என்று பிடுங்கிக்கொள்வான். தங்கச்சியையும் சேர்த்துக்கொள்கிறானே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவனை மெச்சினார்கள்.

அவன் ஆடிச் செத்தால் டிவியில் ஒரு மெட்டு வரும். நான் ஆடும்போது அது ஒருநாளும் வந்ததில்லை, அவன் எனக்குத் தந்தது டிவியோடு இணைக்காத ரிமோட் என்பது எட்டு வயதில்தான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கண்ணு தெரியுறவன் ஆடட்டும்டி. உனக்கு அதுல என்ன இருக்கு?"

பேனா நிற்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் இப்போது கேட்டான்: "இன்னா, ஜெயிச்சியா?"

"இல்லண்ணா, செத்துட்டேன். இந்தத் தடவை நெஜமாவே."