பெருவிரல் சொன்னால் நிற்கும் தண்ணீர்

அறுபத்துமூன்றோ அறுபத்துநான்கோ, வருஷம் சரியாக நினைவில்லை. காவிரி வெறும் மணலாகக் கிடந்த பங்குனி மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரப் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கைக்காரர் வெளியே நிற்க வேண்டும். அவர் உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டும். புனல், மண்ணெண்ணெய்ப் படி, சிம்னி விளக்கு, ஓட்டை வாளிக்குப் புது அடி, இதுதான் தொழில். படிப்பு என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். அன்றைக்கு லீவு. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.

என் தங்கையை ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை. அதில் விடியற்காலையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டுவார்கள். கடைக்குப் போகிற சரமும் உண்டு. பெருமாளுக்குப் போகிற மாலையும் உண்டு. என் தங்கை கட்டுவது பெருமாள் மாலை.

அதற்கு முந்திய வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் கிடந்து பிழைத்து எழுந்தாள். காய்ச்சல் போனது; போகும்போது கையில் ஒரு நடுக்கத்தை வைத்துவிட்டுப் போனது. வேடிக்கை என்னவென்றால், மடியில் நூலும் பூவும் இருக்கும்போது அந்த நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. பழைய வேகம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எதையாவது கையில் எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிவிட்டால் போதும், காற்றில் வாழையிலை ஆடுகிற மாதிரி ஆடும். ஏன் இப்படி என்று டாக்டரைக் கேட்டோம். அவர் நரம்பு என்றார். எங்களுக்கும் அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

சோறு எப்படியோ குனிந்து சாப்பிட்டுக்கொள்வாள். தண்ணீர்தான் சங்கடம். நம் வீடுகளில் செம்பில் வாய் வைத்துக் குடிக்கிற வழக்கம் ஏது? அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். கொட்டகையில் இன்னும் கண்டிப்பு. பெருமாள் மாலை கட்டுகிறவர்கள் பூவை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வாயில் பட்ட தண்ணீர் ஒரு சொட்டு பூவில் விழுந்தாலும் அந்தப் பூ ஆகாது. இவள் ஒருநாள் செம்பைத் தூக்கிக் குடிக்கப்போய், தண்ணீர் முகத்தில் அடித்து, கழுத்தில் வழிந்து, பக்கத்தில் இருந்த கூடை மல்லியில் போய் விழுந்துவிட்டது. கூடையோடு ஒதுக்கிவைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. விடியற்காலையில் உட்காருபவள், சாயங்காலம் எழுந்து யாரும் பார்க்காத இடத்தில் போய், பாதி குடித்துப் பாதி நனைந்து வருவாள். புருஷன் ஊற்றுகிறேன் என்றால் வாயை மூடிக்கொள்வாள். பங்குனி வெயிலில் இது எத்தனை நாள் நடக்கும்? பூக்கூடை மேலேயே ஒருநாள் மயங்கி விழுந்தாள். நீர் கழிக்கையில் உயிர் போகிற வலி வேறு. டாக்டர் சத்தம் போட்டாராம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் கல் சேர்ந்து சிறுநீரகம் கெட்டுவிடும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மாப்பிள்ளை என் பட்டறை வாசலில் நின்று சொன்னார். நல்ல மனுஷன். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மார்பைத் தட்டினேன். இவ்வளவுதானா, சிந்தாத டம்ளர் ஒன்று செய்துவிட்டால் போச்சு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். என் வாய்க்கு எப்போதுமே கையைவிட வேகம் அதிகம்.

புதுத் தகரத்தில் ஒரு டம்ளர் செய்தேன். மேலே மூடி. கவிழ்த்தாலும் கசியக் கூடாது என்று சுற்றிலும் சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷர் போட்டேன். பக்கவாட்டில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடைக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன மூக்கு. தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பி, தெருவே பார்க்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மாப்பிள்ளை அதை வாங்கி அண்ணாந்து சாய்த்தார். ஆட்டினார். குலுக்கினார். திரும்பவும் சாய்த்தார்.

"மச்சான், சிந்தாத டம்ளர்னு சொன்னீங்க, சொன்னபடியே செஞ்சிட்டீங்க. குடிக்கவும் முடியல."

காற்று உள்ளே போக வழி இல்லாமல் தண்ணீர் எப்படி வெளியே வரும்? எண்ணெய் டின்னை உடைக்கும்போது இந்த மூலையில் ஒரு ஓட்டை போட்டால் அந்த மூலையில் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்பது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும். தினம் பத்து டின்னுக்கு நானே போடுகிறேன். என் தங்கைக்கென்று செய்ததில் மட்டும் மறந்துபோனேன்.

ஓட்டைதானே, இப்போதே போடுகிறேன் என்று ஆணியைத் தேடினேன். தங்கை டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஓட்டை போட்டாலும் வாய் வச்சு உறிஞ்சணும்ணே. பச்சப்புள்ள மாதிரி உறிஞ்சிட்டு, அந்தக் கையோட பெருமாள் பூவைத் தொடவா? எல்லாரும் குடிக்கிற மாதிரி எனக்குக் குடிக்கணும். அங்கேயே, அவங்க நடுவுலயே."

ஆணி தேடுவதை விட்டுவிட்டு, டம்ளரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது பித்தளையில். உள்ளே ஈயம் பூசி, கூஜாவுக்கு இருப்பதுபோல் திருகுமூடி வைத்தேன். மூக்கை மேல்நோக்கி நீளமாக வளைத்து, நுனியில் ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்கு ஒடுக்கினேன். தண்ணீர் மெல்லிய கம்பியாக வரும். வாய் படாமல் குடிக்கலாம். மூடியில் மறக்காமல் காற்றுக்கு ஒரு ஓட்டை. என் கையில் அழகாக வேலை செய்தது. ஆனால் என் கை நடுங்காதே? நடுங்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி டவுன் பஸ். கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். காவிரிப் பாலம் தாண்டியதும் ரோடு மோசம். ஒரு பள்ளத்தில் பஸ் குதித்த நேரம் பார்த்து அண்ணாந்து சாய்த்தேன். தண்ணீர் என் மூக்கில் ஏறி, அங்கிருந்து கிளம்பி, பக்கத்தில் இஸ்திரிச் சட்டையோடு இருந்தவர் காலருக்குள் போய்விட்டது.

"யோவ், நீ குடிக்கிறியா, இல்ல என்னையக் குளிப்பாட்டுறியா?"

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு இந்தக் கூத்து என்றும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கொண்டாய்யா, நான் ஒரு தடவை பாக்குறேன்" என்று வாங்கி அவரும் சாய்த்துப் பார்த்தார். அவர் சட்டை முன்பக்கமும் நனைந்தது. ஸ்ரீரங்கம் ஸ்டாப் வருவதற்குள் அந்தப் பக்கத்து சீட்டு எல்லாம் ஈரம். கண்டக்டர் எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. தோற்றுப்போனேன். கை ஆடினால் தண்ணீர் கம்பியும் ஆடும். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. வந்ததற்குத் தங்கையைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைப் பைக்குள்ளேயே வைத்துத் திரும்பிவிடலாம் என்றுதான் கொட்டகைக்குப் போனேன்.

உச்சி வெயில். பெண்கள் எல்லாம் தலை குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று கேட்காமலே தெரிந்தது. பையிலிருந்து எட்டிப்பார்த்த மூக்கை அவள் பார்த்துவிட்டாள். கொடு என்று கையை நீட்டினாள். இது சரியில்லை, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்று இழுத்தேன். நீட்டிய கை நடுங்கிக்கொண்டே அப்படியே இருந்தது. மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மொண்டு நிரப்பிக் கொடுத்தேன்.

பூக்கூடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் தூக்கினாள். நான் பயந்தபடியே தண்ணீர் கன்னத்தில் அடித்தது, கழுத்தில் வழிந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தி விடாமல் தங்கள் நூலையே பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போதும், வை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது.

பூக்கட்டுகிறவர்கள் கையைக் கவனித்திருக்கிறீர்களா? பூவை வைத்ததும் காம்பும் நூலும் நழுவாமல் பெருவிரல் மேலே ஏறி அழுத்திக்கொள்ளும். யாரும் அதற்கு உத்தரவு போடுவதில்லை. கையில் இருந்த பாத்திரம் நழுவப்போன அந்த நொடியில் என் தங்கையின் பெருவிரல் அதே மாதிரி ஏறி மூடியை அழுத்தியது. அழுத்திய இடம் நான் போட்ட ஓட்டை.

தண்ணீர் நின்றுவிட்டது.

பாத்திரம் சாய்ந்துதான் இருக்கிறது. மூக்கு கீழே பார்க்கிறது. கை ஆடுகிறது. ஒரு சொட்டு வரவில்லை. அவள் அசையாமல் அதையே பார்த்தாள். பெருவிரலை லேசாகத் தூக்கினாள். கம்பி மாதிரி வந்தது. அழுத்தினாள், கத்தரித்த மாதிரி நின்றது. அப்புறம் பாத்திரத்தைத் தலைகீழாகவே கவிழ்த்துப் பார்த்தாள். அத்தனை நடுக்கத்திலும் நின்றது. முதல் டம்ளரில் காற்றை அடைத்து நான் செய்த முட்டாள்தனம், வேண்டும்போது செய்துகொள்ளவும் வேண்டாதபோது எடுத்துவிடவும் இப்போது அவள் விரலடியில் இருந்தது.

நூலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பெருவிரலை எடுக்காமல் மெதுவாகப் பாத்திரத்தை முகத்துக்கு மேலே கொண்டுபோனாள். கை ஆடியது, ஆடட்டும் என்று விட்டுவிட்டாள். அவசரமே படவில்லை. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, மூக்கு நுனியை உதட்டில் படாமல் வாய்க்கு நேரே இறக்கினாள். இடம் வந்ததும் விரலைத் தூக்கினாள். தண்ணீர் உள்ளே இறங்கியது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விரலை வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். திரும்பத் தூக்கினாள். வெயிலில் அந்தத் தண்ணீர் கம்பி மினுங்கியது. நான் எத்தனையோ கும்பாபிஷேகம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதிலெல்லாம் தானாகக் கும்பிடாத என் கை, அன்றைக்கு அந்தக் கொட்டகையில் தானாகக் குவிந்துவிட்டது.

பாத்திரம் காலியாகும் வரைக்கும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"என் கைதான் என் பேச்சைக் கேக்கலண்ணே. இது கேக்குது."

வட்டத்தில் மூத்தவளாக இருந்த ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல, "குடிச்சாச்சுன்னா திரும்பி உக்காரு, மாலைக்கு நேரமாச்சு" என்றாள். தங்கை திரும்பி உட்கார்ந்து பூவை எடுத்தாள். அவள் கேட்டது அதுதான். அவ்வளவுதான் அவள் கேட்டிருந்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். அவள் அவர் முன்னாலேயே நிரப்பிக் குடித்துக் காட்டினாள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த ஓட்டை வித்தையை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். யோசித்தது நான் இல்லை, உங்கள் பெண்டாட்டியின் பெருவிரல் என்றேன். நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதையும் யாரும் நம்பவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவள் மயங்கி விழவில்லை. வலியும் மெல்ல விட்டது. நடுக்கம் மட்டும் போகவே இல்லை. கடைசி வரைக்கும் இருந்தது. அதோடுதான் மாலை கட்டினாள், அதோடுதான் பிள்ளைகளை வளர்த்தாள், கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தை நிமிர்ந்து தூக்கிக் குடித்தாள். மூக்கு இரண்டு தடவை தேய்ந்து நான் மாற்றிக் கொடுத்தேன். ஓட்டையில் மட்டும் கை வைக்கவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தெருக்குழாயடியிலோ பஸ் நிற்கிற இடத்திலோ யாராவது சாதாரணமாக ஒரு வாய் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதைப் பார்த்தால், நான் போகிற வேலையை மறந்து அப்படியே நின்றுவிடுகிறேன். ஒரு மனுஷி தன் தாகத்தைத் தன் கையாலேயே தீர்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று கண்ணால் கண்டவன் வேறு என்ன செய்வான்?