மருமகன் விண்டோஸ் போட்ட வெள்ளிக்கிழமை

பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் ஒரு மணம் வரும், உங்களுக்குத் தெரியுமா? சூட்டில் காய்ந்த தூசியும் கடற்காற்றில் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்த மணம். போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஹோல் முழுக்க அந்த மணம்தான். என் மருமகன் சாரனை மடித்துக் கட்டி, நிலத்தில் குந்தி, என் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். மகளைக் கட்டி இரண்டு மாதம்தான். கொழும்புக் கம்பனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாமாம். நல்ல பிள்ளை. தாடி வைத்த, ஐந்து நேரமும் தொழப் பள்ளிக்குப் போகிற, சத்தம் போட்டுச் சிரிக்காத பிள்ளை.

"மாமா, இதுக்குப் புது விண்டோஸ் ஒண்டு போட்டுத் தாறன். பழசோட இனி ஒண்டும் செய்யேலா," என்றார்.

"என்னத்துக்கு மகன் உங்களுக்கு வீண் கரைச்சல்?" என்றேன்.

வேண்டாம் என்பதை மருமகனிடம் எங்கள் ஊரில் இதைவிடப் பலமாகச் சொல்ல ஏலாது. அவர் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். "கரைச்சல் ஒண்டுமில்ல மாமா," என்று பென் டிரைவைச் சொருகினார்.

நீங்கள் வேறு ஊர்க்காரர் என்றால் இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்பிள்ளைக்கு. நான் பிறந்த வீடு தங்கச்சிக்குப் போனது. நான் மாப்பிள்ளையாக வந்து இத்தனை வருடம் வாழ்ந்த வீடு, மனைவிக்கு அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. அதை இப்போது மகளுக்கு எழுதிவிட்டு நாங்கள் இருவரும் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கியிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இந்தக் கூரைக்குக் கீழே எனக்கென்று இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். மருமகன் ஒரு துண்டு மீனைக் குறைத்துச் சாப்பிட்டாலே என் மனைவிக்கு அன்றைக்கு நித்திரை இல்லை. அப்படிப்பட்டவரிடம் 'கை வைக்காதீங்க' என்று எந்த வாயால் சொல்வது?

அந்தத் தூசி மணம்தான் என்னைக் கல்முனைக் கடற்கரைப் பக்கத்து ரெக்கோடிங் கடைக்குக் கொண்டுபோனது. இளம் வயதில் நான் அங்கேதான் வேலை செய்தேன். சூடான அம்பிளிபயருக்கும் இதே மணம். பாட்டுப் பதிந்து கொடுப்போம், கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்போம். ஸ்பீக்கரோடு சலீமையும் கொடுப்போம்.

சலீம் என் கூட்டாளி. அக்கரைப்பற்றில் ஒரு அரிசி மில்லில் வேலை. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகியவன், ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். அந்தத் தொண்டை பாட்டு என்று வந்துவிட்டால் எங்கிருந்துதான் அப்படிக் குழைந்து வருமோ! கலியாண வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், வாப்பா உம்மா பெயர் எல்லாம் கேட்டுக்கொள்வான். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவ்வளவு பேரையும் ஒரு சினிமா மெட்டுக்குள் ஏற்றிவிடுவான். பந்தலில் அவன் பாட, உள் அறையில் இருக்கிற பெண் தன் பெயரை ஸ்பீக்கரில் கேட்டு வெட்கப்பட, அறைக்குள் பெண்களின் சிரிப்பு வெடிக்கும். ஒரு தடவை பெண்ணின் வாப்பா, நெல் அவிக்கிற பெரிய முதலாளி, பாட்டில் தன் பெயர் வந்ததும் எழும்பி நின்று அழுதேவிட்டார். பக்கத்து இந்து ஊரான காரைதீவில் ஒரு வாத்தியாரின் கலியாணத்துக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் இதே கூத்துதான்.

நான் பின்பாட்டு. என் குரலைப் பற்றிச் சலீமுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. "மச்சான், நீ வாய மட்டும் அசை. சத்தம் வேணா," என்பான். நானும் பெரும்பாலும் அசைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் கெசட்டில் பதிந்தது நான்.

கடையில் அடுக்கி வைத்திருந்த கெசட்டுகளைச் சுனாமி கடையோடு கொண்டுபோனது. வீட்டில் கிடந்த கொஞ்சம் மட்டும் மிஞ்சின. பிறகு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்த அந்த நாடாக்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றினேன். ஏற்றியதும் கெசட்டுகளைக் குப்பையில் போட்டேன். கம்ப்யூட்டர் என்றால் சாகாது என்று நினைத்த காலம் அது.

எங்கள் இருவரில் சலீம்தான் முதலில் போனான். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனை மய்யித்தாகக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பகல் சாப்பாட்டுக்குப் பின்னால் காதில் வயரைச் சொருகிக்கொண்டு அவனைக் கேட்பேன். வயர் எதற்கு என்கிறீர்களா? இப்போது எங்கள் ஊரில் கலியாண வீட்டில் பாட்டு இல்லை. மார்க்கத்தில் அது பாவம் என்கிறார்கள். அதை எதிர்த்துக் கதைக்கிற அளவுக்கு நான் ஓதியவனுமில்லை, சலீமை விட்டுவிடுகிற அளவுக்கு மனம் உறுதியானவனுமில்லை. ஆகவே பாட்டுகளையெல்லாம் ஒரு போல்டரில் போட்டு, அதற்குக் 'கரண்ட் பில்' என்று பெயர் வைத்திருந்தேன். யாருமே திறந்து பார்க்க ஆசைப்படாத பெயர். என் புத்தியை நானே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு.

"மாமா," என்றார் மருமகன். "ரெண்டு டிரைவையும் அழிச்சு ஒண்டாக்கித்தான் போடணும். உள்ளுக்கு முக்கியமா என்னமும் இரிக்கா? கரண்ட் பில் எண்டு ஒரு போல்டர் கிடக்கு."

'பாட்டு மகன்' என்று சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு சொல். அந்தத் தாடியைப் பார்த்தேன், நெற்றியில் தொழுகைத் தழும்பைப் பார்த்தேன். இந்த வயதில் மாமனார் ஒளித்து வைத்துப் பாட்டுக் கேட்கிறார் என்று அவர் நினைத்துவிட்டால்? மகளை ஒரு சொல் சொல்லிவிட்டால்?

"ஒண்டுமில்ல மகன். எல்லாம் கட்டின பில்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா. அழிச்சா பிறகு வராது."

"கட்டின பில்ல வெச்சு என்ன செய்யிற?" என்று சிரித்தேன்.

குசினிக் கதவோரம் மனைவி அகப்பையோடு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாமி மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கமில்லை. என்னைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மருமகன் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன நேரம் நான் மேசை இழுப்பறை, அலுமாரி எல்லாம் கிண்டினேன், பாட்டை எடுத்து வைக்க ஒரு பென் டிரைவ் கிடைக்குமா என்று. வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவ் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது. அதற்குள்தான் புது விண்டோஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

குளித்து வந்த மருமகன் அழிக்கிற வேலையைத் தொடக்கிவிட்டார்; அவருடைய மோட்டர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போனேன். குத்பாவில் மௌலவி என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யா அல்லாஹ், கரண்ட் போகட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற நாளெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. பள்ளி மின்விசிறிகள் ஜோராகச் சுற்றின.

வீட்டுக்கு வந்தால் திரை பளிச்சென்று நீலமாக நின்றது. தொட்டால் திறந்தது. மருமகனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. சாப்பிட்டுவிட்டுப் புது ஸ்பீக்கர் சோடி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"மாமா, உம்மா ஒரு கத சொன்னா. மாவடிப்பள்ளி ஊர்ல அவட கலியாணத்துக்கு நீங்களும் சலீம் எண்டு ஒரு ஆளும் வந்து, வாப்பாட பேரையும் உம்மாட பேரையும் வெச்சுப் பாடினீங்களாம். வாப்பா மவுத்தாகி அடக்கின நாள்ல இரிந்து அந்தப் பாட்டு வேணுமெண்டுதான் கேட்டுக்கிட்டு இரிக்கா. உங்கக்கிட்ட கெசட்டு கிசட்டு கிடக்குமா? இதுல ஏத்தி உம்மாவுக்கு அனுப்புவம்."

புது ஸ்பீக்கரின் வயரை நேராக இழுத்து வைத்தேன்.

"இருந்திச்சு மகன்," என்றேன். "அந்தக் கரண்ட் பில்லுக்குள்ள."

பாவம், அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஏதேதோ மென்பொருள் இறக்கி, பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை தேடினார். பெயர்கள் மட்டும் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. மாவடிப்பள்ளி என்றும் ஒன்று வந்தது. அமத்தினால் சத்தமில்லை. ஸ்பீக்கரைக் கூட்டிப் பார்த்தார், மறுபடி அமத்தினார். சத்தமில்லை.

கடைசியில் உம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். போனைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கரில் போட்டிருந்தது அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பிறகு, "பரவால்ல மகன், முதல் அடி எனக்குத் தெரியும்," என்று மெல்லப் பாடினார். வயதான குரல். ஆனால் மெட்டு சலீமுடைய மெட்டேதான், இழுக்கிற இடத்தில் அதே இழுப்பு. புருஷனின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"ரெண்டாம் அடி என்னண்டு மாமாட்டக் கேளு மகன்."

மருமகன் என்னைப் பார்த்தார். போன நோன்புக்குக்கூடக் கேட்ட பாட்டு. மெட்டு ஞாபகம் வந்தது, சொல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. போனில் அந்தம்மா காத்துக்கொண்டே இருந்தார்.